ஒரு பக்கமாக நாற்பது தடவை

மீனாட்சி பஜாரில் முப்பது ரூபாய்க்குக்
காகிதம் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று.
முதுகுக் காந்தத்தைப் பெயர்த்தெடுக்க
அரைமணி நேரமும் ஒரு நகமும் செலவு.

ஸ்க்ரூடிரைவரைக் கிடத்திப்
பிடியருகில் காந்தத்தை வைத்து
நுனிவரை இழுக்க வேண்டும்.
நுனி தாண்டியதும் தூக்கி,
எட்டத்தில் வளைத்துக் கொண்டுவந்து
மறுபடி பிடியருகே.
பாதியில் மனம் மாறி
வந்த வழியே தேய்த்தால்
சேர்ந்ததெல்லாம் கலைந்துபோகும்.
நாற்பது தடவை.
எண்ணிக்கை தப்பினால் பரவாயில்லை,
திசை தப்பக் கூடாது.

குண்டூசி டப்பாவுக்குள் விட்டேன்.
ஏழு ஊசிகள் தொங்கிக்கொண்டு வந்தன,
ஒன்றின் காலை ஒன்று பிடித்து.
அப்புறம் வீடு முழுக்கச் சோதனை.
அரிவாள்மனை இழுத்தது.
பீரோ விடமாட்டேன் என்றது.
எவர்சில்வர் தம்ளர் கண்டுகொள்ளவே இல்லை.
தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு
கழுத்திலிருந்தபடியே எட்டிப் பார்த்தது.

செல்லூரில் என்னிடம் வரும் மிக்ஸிகளின் வயிற்றில்,
காய்ந்த தேங்காய்ச் சட்னிக்கு நடுவே,
ஸ்க்ரூ விழுந்தால் இனிமேல்
கவிழ்த்துப்போட்டுக் குலுக்க வேண்டாம்.
நுனியை விட்டால் போதும்,
தொலைந்தது தானே ஏறி வரும்.

இதே அறையில், எதிர்ச் சுவரோரம்,
சோணைமுத்து வாட்ச் பார்ப்பவர்.
பகலில் யானைக்கல்லில் கண்ணாடிப் பெட்டி,
இரவில் மிச்சம் இங்கே.
அவருடைய இடுக்கியை ஒருநாள்
இரவல் வாங்கி, காந்தத்தின் மேல்
வைத்துவிட்டு மறந்துபோனேன்.

பெத்தானியாபுரம் மரியதாஸ்
பாண்டியன் எக்ஸ்பிரசுக்கு
நாற்பது நிமிடம் முன்பே போய் நின்று
வண்டி லேட்டு என்று
ஸ்டேஷனில் சண்டை போட்டிருக்கிறார்.
ஊரிலிருந்து திரும்பியதும்
வாட்சைப் பெட்டிமேல் கழற்றிவைத்துக் கேட்டாராம்:
“ஏண்ணே, இது ஓடுதா, ஓடிப்போகுதா?”

உள்ளே ஒரு சுருள் இருக்கிறது,
தலைமுடியைவிட மெல்லிசு.
அதன் வளையமும் வளையமும் ஒட்டிக்கொண்டால்
முள்ளுக்கு அவசரம் பிடித்துவிடும்.
சட்டைப் பொத்தான் அளவு திசைகாட்டியை
வாட்சின் மேல் வைத்தார். முள் திரும்பியது.
இடுக்கியின் மேல் வைத்தார். சுற்றியது.
என் மேசைக்குக் கொண்டுவந்தார்.
“ஒஞ் சாமான்தான்” என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை,
அன்றும், அடுத்த மூன்று நாளும்.
நானும் கேட்கவில்லை.
போன மாச வாடகை எந்தச் சுவரோரத்திலிருந்து போனது
என்பது இருவருக்கும் தெரியும்.

நாலாம் நாள் இரவு
செத்த மிக்ஸி ஒன்றின் காயிலைக் கழற்றி,
நடுவில் ஒரு பல்பைத் தொடுத்து,
கரண்ட் கொடுத்தேன். பல்பு மங்கலாக எரிந்தது.
“வாட்சை உள்ளே நீட்டுங்க.
மெதுவா வெளியே இழுங்க.
கை நீள்ற மட்டும் விலகினப்புறம்தான்
நான் சுவிட்சை அணைப்பேன்.”
நடுவில் நின்றால் ஆகாது.
நின்ற நொடியின் காந்தம்
அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

நீட்டினார்.
காயில் அவர் விரலோடு சேர்ந்து உறுமியது.
இழுத்தார், விரற்கடை விரற்கடையாக.
அரை முழம்கூட வந்திருக்காது,
கரண்ட் போனது.

தெரு முழுக்கத் தறிகள்
ஒரே நேரத்தில் வாயை மூடின.
அந்த அமைதியில்
மரியதாசின் வாட்ச் மட்டும்,
வேகவேகமாக.

“முதல்லேர்ந்தா?”
“முதல்லேர்ந்துதான்.”

கொசு மொய்க்கும் இருட்டில்
தறிச் சத்தம் திரும்ப வரும்வரை
நீட்டிய கையை மடக்காமல்
உட்கார்ந்திருந்தார்.
என் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.