ஒன்பது புள்ளி

காங்கயம் தாண்டி, கொப்பரைக் களத்தை ஒட்டி
எங்கள் ஆபீஸ்.
வாசலில் லாரி. தார்ப்பாய் கட்டி முடித்தாயிற்று.
இ-வே பில் வந்தால் கிளம்பலாம்.
டிரைவர் மயில்சாமி இரண்டாவது டீயில் இருக்கிறார்.

கம்ப்யூட்டர் வைஃபைக்குக் கடவுச்சொல் கேட்டது.
அடித்தேன்.
செக்கு மாதிரி சுற்றியது, சுற்றியது,
மறுபடி கேட்டது.
தப்பென்று சொல்லவில்லை. சரியென்றும் இல்லை.
பொண்ணு பார்த்துவிட்டுப் போகிறவர்கள்
'கலந்துக்கிட்டுச் சொல்றமுங்' என்பார்களே,
அந்த முகம்.

ரகசியம் ஒன்றுமில்லை அதில்.
களத்தில் பருப்பு திருப்பிப்போடும் ருக்குமணி வரைக்கும் தெரியும்:
கொம்பு, இங்கிலீஷில் ஐந்தெழுத்து,
பின்னால் இதே லாரியின் நம்பர், 4417.
முதலாளி காளை வைத்திருந்தபோது போட்டது.
என் போனில் அடித்தால் உடனே ஏறிக்கொள்கிறது.

ரவுட்டரை அணைத்து, முப்பது எண்ணிப் போட்டேன்.
'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்றேன்.
மறந்தது.
அத்தனை லேசாக மறந்ததில்
எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

மயில்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அது கேட்பதைவிட மோசம்.

லினக்ஸ் போட்டுக் கொடுத்த பெருந்துறைப் பையன்
கோகுல்நாத் ஏழாவது அழைப்பில் எடுத்தான்.
பஸ்ஸில் இருந்தான்.
'பெட்டி ஓரத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்குதுங்களாக்கா?
அதை அமுக்குங்.'

அமுக்கினேன்.
ஒன்பது புள்ளியும் விலகி நின்றது

மடரஙற4417

நேற்றுப் பொழுதோடு
காய் போட்டவர்களுக்கு பாக்கி நோட்டீஸ்
தமிழில் அடித்தேன்.
மாற்றாமல் விட்டிருக்கிறேன்.
காலையிலிருந்து பதினோரு தடவை
புள்ளிகளுக்கு அடியில் தமிழ்தான் போயிருக்கிறது.

மடரஙற.
வாய்விட்டுப் படித்தேன்.
எங்கள் பக்கம் நாள் முழுக்க
பேச்சின் வாலில் புள்ளி வைத்துக்கொண்டு
மரியாதையாகத் தொங்குகிற எழுத்து;
இன்றைக்குப் புள்ளியைக் கழற்றி வைத்துவிட்டு
நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.
வேறெங்கே கிடைக்கும் அதற்கு
இப்படி ஒரு இடம்.

மொழியை மாற்றி அடித்தேன். ஒரே தடவை.
பில் வந்தது.
தூசிக்குள் 4417 கொஞ்ச தூரம் தெரிந்தது.

மத்தியானம் முதலாளி கேட்டார்:
'என்ன கீதாமணி, காலைல நெட்டு இல்லையாமா?'

'ரவுட்டரு பழசாயிருச்சுங்.'