பன்றிக்கு யாரும் சொல்லவில்லை

அக்டோபர் மூன்றாம் வாரம்.
அயோவாவில் எங்கள் நிலத்தில்
அறுநூறு ஏக்கர் சோயா காய்ந்து கிலுகிலுக்கிறது.
உள்ளே, குளியலறையில்,
என் தையல் டேப்பை எடுத்துப்போய்
மார்பை அளந்துகொண்டிருக்கிறான் மகன்.

நாற்பத்திரண்டே கால்.
போன வாரமும் அதுதான்.
"கூடலையே?" என்கிறான் கதவிடுக்கில்.
கூடணும்னுதானே கொட்டகையில் இரும்பு தூக்குறே என்றேன்.
"இது வேற கூடறதும்மா."

கைபேசிக்குள் கழுத்தே இல்லாத ஒருவன்
கத்திச் சொல்லியிருக்கிறான்:
சோயா தின்றவன் குரல் மெலியும்,
தாடி உதிரும், மார்பு பூக்கும்,
கடைசியில் கவிதை படிக்க ஆரம்பிப்பான்.
அவனிடமே விற்பனைக்கு ஒரு மாவு இருக்கிறது.
டப்பா எண்பது டாலர்.

அன்றிலிருந்து பிரெக்கன்
குளிர்பெட்டியில் என் சோயாப்பாலை
செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி
பின்வரிசைக்குத் தள்ளிவைக்கிறான்.
பிறகு ரொட்டியில் மயோனைஸ் தடவுகிறான்,
வழித்து வழித்து.
அது முக்கால்வாசி சோயா எண்ணெய்.
நான் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிடட்டும்.

பன்றிக்கும் யாரும் சொல்லவில்லை.
எங்கள் ஆண்பன்றி டீக்கன்
பால்குடி மறந்த நாளிலிருந்து
சோளமும் சோயாப் பிண்ணாக்கும் தவிர வேறறியாது.
இந்த வருடம் மட்டும் மூன்று முறை வேலியை உடைத்து
பக்கத்துப் பண்ணைக்குப் போய் வந்தது.
அங்கே பிறந்த பதினொரு குட்டிக்கும்
அதே மடிந்த காது.

என் கணவர் வெர்லின் இதைச் சுட்டிக்காட்டினார்.
"அது பன்னிப்பா" என்றான் மகன்.
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
யோசித்தால், நியாயம்தான்.

என் கதை வேறு.
ஆகஸ்டில் இடப்பக்கத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள்.
பட்டாணி அளவு என்றார் டாக்டர்.
நாங்கள் பட்டாணி விதைப்பதில்லை.
சோயா அளவு என்றே மனதில் குறித்துக்கொண்டேன்.

உருளைக்கிழங்கு சுட்ட தட்டோடு வந்த ஆர்டித்
தட்டை வைக்கவே குளிர்பெட்டியைத் திறந்தாள்,
பார்த்தாள், நின்றாள்.
"இதுதான்டி. இந்த வெள்ளைத் தண்ணிதான்."
அடுத்த ஞாயிறு தேவாலயத்தில்
ஏழு பேர் அதையே சொன்னார்கள்,
ஏழு பேரும் தணிந்த குரலில்.
ஏழு வீட்டுக் கூரையும்
சோயா விற்ற காசில் மாற்றியது.
உலைவாயை மூடலாம், ஊர்வாயை?

டாக்டர் அடேயிங்காவிடம் கேட்டேன்.
சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.
அந்தப் பயற்றில் இருப்பதற்கும்
உங்கள் உடம்பில் ஓடுவதற்கும்
பெயரளவில் உறவு, அதுவும் தூரத்து உறவு;
அதனால் வந்த கட்டி இல்லை இது,
பிடித்தால் குடியுங்கள் என்றார்.
நம்பினேன்.
கார் நிறுத்துமிடம்வரை முழுசாக நம்பினேன்.

மறுநாள் காலை குளிர்பெட்டி முன்னால்
கை நின்றுவிட்டது.
டாக்டர் சொன்னது தலையில் இருந்தது.
ஆர்டித் சொன்னது மணிக்கட்டில்.
நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று
இன்றோடு ஆறு வாரம்
காபியைக் கறுப்பாகவே குடிக்கிறேன்.
பசும்பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இரவு ஒன்பதுக்கு
அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கி வந்தான் பிரெக்கன்.
புருவத்தில், காதில், புதுத் தாடியில்
எங்கும் சோயாத் தூசி.
நாக்கிலும் இருக்கும்:
பன்னிரண்டு மணி நேரம் வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓட்டியிருக்கிறான்.
கால்சட்டை மடிப்பிலிருந்து நாலைந்து பயறு
சமையலறைத் தரையில் தெறித்து ஓடியது.

ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினேன்.
கெட்டி.
ஆகஸ்டில் தொட்ட அதே கெட்டி.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு அது பயறாகவே ஆகிவிட்டது.

பின்வரிசையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன்.
புளித்த வாசனை. தேதி எப்போதோ தாண்டியிருந்தது.
தொட்டியில் ஊற்றிவிட்டு
"புதுசு வாங்கணும்" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

வெர்லின் தலை தூக்காமல்
மளிகைப் பட்டியலில் எழுதினார்: பால்.
பென்சில் கொஞ்சம் நின்றது.
பிறகு, என்ன பால் என்றும் எழுதினார்.