உகரச் சுட்டு

எஸ்தே என்றால் திஸ்.
எஸே என்றால் தட்.
அகேல் என்றாலும் தட்,
ஆனால் கொஞ்சம் தள்ளி.
அந்தக் கொஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லாததால்
பாடத்தில் படம் போட்டிருந்தார்கள்:
என் காலடியில் ஒரு பூனை,
உன் மடியில் ஒரு பூனை,
யாருக்கும் எட்டாத மரத்தில் இன்னொன்று.

சுங்கச்சாவடி தாண்டிய கிரானைட் யார்டில்
டிபன் மூடியில் கைப்பேசியைச் சாய்த்து
மதியம் இருபது நிமிடம் ஸ்பானிஷ் படிக்கிறேன்.
வலென்சியாவிலிருந்து இக்நாசியோ
மாதம் நான்கு கன்டெய்னர் எடுக்கிறார்.
அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கும்.
இரண்டு அரையும் சேர்ந்து
ஒருநாளும் ஒன்றானதில்லை.

வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு: இதி, அதி.
வாசலைத் தாண்டினால் தமிழ்: இது, அது.
இரண்டை வைத்தே
கல்யாணம் முடித்து, வீட்டுக்கடன் வாங்கி,
கிருஷ்ணகிரியில் நாற்பது வயது வரை வந்துவிட்டேன்.

போன வாரம் வீடியோ அழைப்பில்
பலகைகளைக் காட்டிக்கொண்டே நடந்தேன்.
"எஸா நோ. அகேயா" என்றார்.
திரையின் அடியில் மொழிபெயர்ப்பு ஓடியது:
நாட் தட். தட்.

மாதையன் கிரேனை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
எதுங்க?
அது.
இதுங்களா?
அது இல்லப்பா, அது.
சார், நீங்க இன்னும் சாப்பிடலயா?

முந்நூறு கிலோ பாரடைசோ
சங்கிலியில் ஆடியபடி மேலே போனது.
தப்பான பாரடைசோ.

மறுநாள் நான் ஒரு பலகையில் கை ஊன்றி நின்றேன்.
யார்டின் அந்தக் கோடியில்
மெழுகுக் குச்சியால் எண் போட்டுக்கொண்டிருந்த தர்சிகா
கத்தினாள்:
"அண்ணா, உந்தக் கல்லில வெடிப்பு,
கையை எடுங்கோ!"

கையை எடுத்தேன்.
காதை எடுக்க முடியவில்லை.
உந்த.

எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி:
சுட்டெழுத்துகள் யாவை?
அ, இ, உ.
முன்னதற்கு அவன், பின்னதற்கு இவன்.
மூன்றாவதற்கு எடுத்துக்காட்டு
யாரும் கேட்டதில்லை, நான் எழுதியதும் இல்லை.
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி
உள்ளேயே இருந்திருக்கிறது உகரம்.

பாம்பாறு முகாமிலிருந்து வருகிறாள்.
பிறந்தது ஊத்தங்கரை ஆஸ்பத்திரி.
கடலைப் பார்த்ததில்லை.
"உது என்றால் என்னம்மா?"
"உது எண்டால் உதுதான்.
உங்களிட்ட இருக்கிறது."
"அப்போ அது?"

தாடையைத் தூக்கித் தூரத்தைப் பார்த்தாள்.
நான் ஒரு தீவுக்குத் தயாரானேன்,
தொண்டையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.
"அது மத்தூர் பஸ் அண்ணா.
விட்டால் ஏழு மணிக்குத்தான்"
என்று ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி இக்நாசியோ.
"எஸா" என்றார்.
நான் ஓடவில்லை. பக்கத்துப் பலகையைத் தொட்டேன்.
"எஸ்தா?"
"ஸீ, எஸா."
ஒரே கல்.
அவர் வாயில் உது,
என் விரலடியில் இது.
இரண்டு பேரும் வேறு வேறு சொல்லி
முதல்முறையாக
ஒன்றையே சொன்னோம்.

சந்தோஷத்தில் கை கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல.
கேமராவில் யார்டின் தகரக் கூரை,
அதற்குப் பின்னால் சையத் பாஷா மலை
வெயிலில் மொட்டைப் பாறையாக.

"இ அகேயோ?" என்று சிரித்தார்,
விலை கேட்கும் குரலில்.

அதற்கு விடை எந்தப் பாடமும் இல்லாமலே வந்தது.
நோ.

"என்னங்க கேக்குறாரு?" என்றார் மாதையன்.
"அது" என்றேன்.

இந்த முறை அவர்
எதுங்க என்று கேட்கவில்லை.