அடக்கி வாசிப்பவர்

கூட்டம் வருவது சாக்ஸஃபோனுக்கு.
ஒளிப்பானேன், நானும் முதலில்
அதற்குத்தான் போனேன்,
க்ளீவ்லாண்டில் ஏரிக்காற்று
காது மடலை அறுக்கிற ஒரு வியாழன் இரவு,
ஹீட்டர் செத்துப்போன
லுவெல்லாவின் காரில்.

ராஸ்கோ பீம் ஊதினால்
மேசைமேல் கோப்பைகள் அதிரும்.
எத்தனை ஸ்வரம் கொட்டினார் என்று
எனக்குக் கணக்குச் சொல்ல வரும்.
நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் நான்,
நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது சொல்.
பத்தொன்பது வருஷமாகப்
பிறர் வாயில் வருவதை
ஒன்று விடாமல் பிடிப்பது என் பிழைப்பு.

ராஸ்கோவுக்குப் பின்னால்,
தூணுக்கு அந்தப் பக்கம்,
சாம்பல் நிற ஸ்வெட்டரில்
ஒரு முழங்கையும் ஒரு காதும்.
மூன்று வாரம் கழித்துத்தான் கேட்டேன்,
யார் அது?
“ஹோலிஸா?” என்றாள் லுவெல்லா,
சுவர்க் கடிகாரத்தின் பெயரைக்
கேட்டுவிட்டதுபோல.

ஹோலிஸ் ட்ரெடவே.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
இரவில் பியானோவையும் அப்படியே:
யாரையும் குலுக்காமல்,
இறங்குகிறவர் இறங்கி
நடைபாதையில் கால் வைக்கும்வரை
காத்திருந்து.

அதன்பின் என் இடம்
தூணுக்கு இடது பக்கம்.
அங்கே என்ன கேட்டேன் என்றால்
சொல்லத் தெரியவில்லை.
இடது கை இரண்டு ஸ்வரம் வைக்கும்.
மூன்றாவது இதோ இதோ என்று
உடம்பு முன்னே சாயும்.
வராது.
என் நெஞ்சுக்குள் அதை
நானே வாசித்திருப்பேன்,
கொஞ்சம் தப்பாக.

“அந்த ஆள் தூங்குகிறார்” என்பாள் லுவெல்லா.

அடக்கி வாசி என்பது
மிரட்டுகிறவர்களின் சொல்.
நீதிமன்றத் தாழ்வாரத்தில்
எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்,
பல்லுக்கிடையில், தோளில் கை போட்டபடி.
இவர் அடக்கி வாசிக்கையில்
அடங்குவது நாங்கள்:
ஐஸ் உடைக்கிற பார்மேன்,
பிறந்தநாள் கொண்டாட வந்த செவிலியர் ஐவர்,
டிரம்மிலிருந்து பிரஷ்ஷை
ஓரங்குலம் தூக்கிப் பிடிக்கிற பையன்.

போன மார்ச்சில் ஒரு வழக்கு.
சாட்சிக் கூண்டில் ஓர் அம்மா.
ஒலிநாடாவை நிறுத்திவிட்டு வக்கீல் கேட்டார்,
இது உங்கள் மகன் குரல்தானே?
பதினொரு விநாடி.
பிறகு, ஆமாம்.

என் பதிவில்
கேள்விக்கு அடுத்த வரி பதில்.
அந்தப் பதினொரு விநாடிக்கு
என் இயந்திரத்தில் விசை இல்லை.

அன்றைக்கு வியாழன்.
கழுத்தில் அடையாள அட்டையோடு
நேரே போய் உட்கார்ந்தேன்.
மெதுவான பாட்டு ஒன்று.
ராஸ்கோ தன் பங்கை முடித்துத்
துண்டால் முகம் துடைத்தார்.
கைதட்டல் ஓயட்டும் என்றிருந்தார் ஹோலிஸ்.
ஓய்ந்தது.
அப்போதும் தொடங்கவில்லை.
பேஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.
எவரோ இருமலை விழுங்கினார்கள்.
நான் எண்ணவில்லை.
பத்தொன்பது வருஷத்தில்
எண்ணாமல் இருந்தது அப்போதுதான்.

பிறகு ஒரே ஒரு ஸ்வரம்,
கூண்டில் அந்த அம்மா சொன்ன
ஆமாம் அளவுக்கு.

கடைசியில் அவர் தொப்பியைத் தேடுகையில்
பக்கத்தில் போய் நின்றேன்.
தயங்கித் தயங்கி,
அந்தப் பாட்டில் நீங்கள்
அவ்வளவு நேரம் பொறுத்தது, என்றேன்.

“ஸ்டூல் கால் ஆடியதும்மா,” என்றார்.
“அட்டை ஒன்றை மடித்து
அடியில் செருகிக்கொண்டிருந்தேன்.”

காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கணும் என்று
போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன்.
இருந்தது.
பியர் கோப்பையின் அடியட்டை,
நான்காக மடித்தது,
ஈரம்கூடக் காயாமல்.

ஏழு மாதமாகிறது.
ஸ்டூல் இப்போது ஆடுவதே இல்லை.
ஒவ்வொரு வியாழனும்
எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறேன்.
ஷூ கயிற்றைக் கட்டுகிறவள்போலக் குனிந்து,
உருவிவிடலாமா என்று
அந்த அட்டையையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.