ஐப்பசி வரைக்கும்

சீனன்குடாவில் மா ஆலைக்குப் பின்னால்
தகரக் கொட்டகை.
உள்ளே மல்லாந்து வாய் திறந்து கிடக்கிறது
ஒரு போட்டின் அச்சு.

"இருதயன் டோகாவிலிருந்து வரும் வரைக்கும்தான்,
ஐப்பசி வரைக்கும்" என்றார் ரபாய்தீன் முதலாளி.
தலையாட்டினேன்.
நாட்கூலி, மூக்குக்கு ஒரு துணி,
இருதயன் விட்டுப்போன செருப்பு,
எனக்கு ஒரு சைஸ் பெரிது.

முதலில் மெழுகு. தேய்த்துத் துடைத்து
தேய்த்துத் துடைத்து
என் முகம் அச்சில் தெரியும் வரை.
பிறகு பச்சை.
டின்னில் அதற்கு நீளப் பெயர்,
பொலிவினைல் என்று தொடங்கி எங்கோ போகும்.
நாங்கள் சொல்வது பச்சை.
ஸ்பொஞ்சில் தொட்டு ஒரே போக்கில் இழுக்க வேண்டும்,
திரும்பி வந்தால் திட்டு விழும்.
காய்ந்தால் வெங்காயச் சருகின் தடிப்பு.
அந்தச் சருகு நடுவில் இல்லையென்றால்
அச்சும் போட்டும் ஒன்றாய் இறுகிவிடும்,
பிரிக்க ஆள் இல்லை.

அச்சு இரண்டு பாதி.
ஏரா ஓடும் இடத்தில் நூலளவு வெடிப்பு.
அதை அடைக்கிற பசையும் அதே சாதிதான்.
சுவேந்தினி வெறும் விரலால் அப்புவாள்,
கையுறை போட்டால் பள்ளம் தெரியாதாம்.
தண்ணீர் வடியும் துளைக்கு ஓர் அடைப்பு,
போல்ட்டுப் புரிகளுக்கு ஒரு பூச்சு.
றெசின் போகக்கூடாத இடமெல்லாம்
இது முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும்.
றெசின் வரும், சூடாகும், கல்லாகும்.
அதன்பிறகு ஹோசைத் திறந்தால்
கொஞ்ச நேரம் கொழகொழ,
அப்புறம் வெறும் துளை.
அங்கே ஒன்று இருந்ததென்று
எந்தப் போட்டும் சொன்னதில்லை.

என்னைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.
அந்த நாட்களில் எனக்கு அது தோன்றவே இல்லை.
றெசின் மணம் ஏறாமல்
சோற்றுப் பார்சலை எங்கே வைப்பது என்பதுதான்
என் யோசனை.

கச்சான் அடங்கி
வாடை இன்னும் எழும்பாத கிழமை.
சல்லி யூட்சன் கேட்ட பதினெட்டரை அடிப் போட்.
சனிக்கிழமை பச்சை பூசினோம்,
ஜெல்கோட் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை,
அப்படியே விட்டுப் போனோம்.
ஞாயிறு இரவு முதல் மழை.
கூரைத் தகரத்தில் ஓர் ஆணித்துளை,
அதற்கு ஒருவரும் பசை அப்பியிருக்கவில்லை.

திங்கள் நல்ல வெயில். சொட்டியது காய்ந்துவிட்டது.
குனிந்திருந்தால்
ஓரிடத்தில் பளபளப்பு மாறியிருப்பது தெரிந்திருக்கும்.
கேட்டடியில் யாரோ சொன்னார்கள்,
இருதயன் வந்துவிட்டானாம், நேற்றாம்,
பஸ்ஸில் நனைந்துகொண்டாம்.
நான் கேட்டைப் பார்த்தபடி
ஜெல்கோட் அடித்தேன்.

வியாழன் பிரித்தோம்.
விளிம்பில் ஆப்பு, இடைவெளியில் தண்ணீர்.
பச்சை நூல்நூலாய் இளகி வழிய
போட் பெருமூச்சு விட்டது,
அணியத்து இடப்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.
மரச்சுத்தியலை என்னிடம் வாங்கி
இருதயன் அடித்தான். மூன்றாவது அடியில்
படாரென்றது.
உள்ளங்கை அகலத் தோல் அச்சில் தங்கிவிட்டது.

ஒருவரும் ஏசவில்லை. அதுதான் கஷ்டம்.
முதலாளி கணக்குப் பார்த்துக் காசு தந்தார்,
யூட்சனுக்கு ஐயாயிரம் குறைத்தார்,
இருதயன் பட்டி வைத்து, தேய்த்து, வெள்ளை அடித்தான்.
நல்ல வேலைக்காரன். ஆனாலும்
வெள்ளையில் வெள்ளை ஒட்டாது.

மார்கழியில் சல்லிக்குப் போயிருந்தேன், வேறு அலுவல்.
கடல் மூடிக் கிடந்தது,
போட்டுகளை மேட்டில் ஏற்றியிருந்தார்கள்.
இடது அணியம் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.
மழையில் நனைந்த மஞ்சள் வெள்ளை.
கையை வைத்துப் பார்த்தேன்,
விரல்கள் கொஞ்சம் வெளியே நின்றன.

யூட்சன் தூரத்திலிருந்து கத்தினார்,
"என்ன தம்பி, பாக்கிறியள்?"
ஒன்றுமில்லை என்றேன்.
மணலில் புதைந்த காலை இழுத்தபோது
செருப்பு கழன்றது.
இருதயனின் செருப்பு.
அவன் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.