காலாவதி ஆகாது

பணகுடியில் ஆடி மாதக் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அதை எண்ணித்தான் எங்கள் கம்பெனி பிழைக்கிறது.
நூற்றுப் பதினெட்டுக் காற்றாலை.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
ஒவ்வொன்றும் சுற்றிய கணக்கைச் சொல்லும்,
அது தவறாமல் சென்னைக்குப் போய்ச்சேர
ஒரு ரேக், இரண்டு சுவிட்ச்,
பேட்டரி உப்பிப்போன ஒரு யூபிஎஸ்
(மூன்று தரம் எழுதிப் போட்டாயிற்று),
பிறகு நான்.

புது மென்பொருள் வந்திருக்கிறது.
காலையில் திறந்ததும் ஐந்து முகம் காட்டும்,
சிரிப்பதிலிருந்து அழுவது வரை.
"இன்று எப்படி உணர்கிறீர்கள், பேச்சித்தாய்?"
ஒன்றைத் தொடாமல் உள்ளே விடாது.
முதல் வாரம் உண்மையைத் தொட்டேன்.
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மெயில் வந்தது.
இப்போது சிரிப்பைத் தொட்டுவிட்டு
வேலையைப் பார்க்கிறேன்.

மவுஸ் ஏழு நிமிடம் அசையாவிட்டால்
பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி.
போன செவ்வாய் வடக்கன்குளத்துக்கு இந்தப் பக்கம்
ரோடு போட வந்த ஜேசிபி
ஃபைபரை அறுத்துவிட்டுப் போனது.
ஒட்டவைக்க வந்த மிக்கேலுக்குக்
குழிக்குள் குந்திக் குடை பிடித்தேன்,
குடையைக் காற்று கொண்டுபோன பிறகு
துப்பட்டாவை.
முடியைவிட மெல்லிய கண்ணாடிக்குள்
வெளிச்சம் திரும்பி வந்தது.
போனைத் திறந்தால்
"செயலற்றவர்: 3 மணி 12 நிமிடம்."

மிக்கேல் எட்டிப் பார்த்தான்.
"எக்கா, சும்மா இருந்தாத்தான்
வேலை பாக்கோம்னு போடும் போல.
எவம்லே எழுதுனான் இத?"

நேற்றுத் தணிக்கை.
சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களின்
பயனர் கணக்கை மூடச் சொல்லி உத்தரவு.
எட்டுப் பேரை மூடினேன்.
ஒன்பதாவது ஆவுடையப்பன்.
அவனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.
ஒப்பந்தம் புதுப்பிக்கையில் மூவாயிரம் குறைத்தார்கள்,
போய்விட்டான், இரண்டு வருசம் ஆகிறது.
வள்ளியூரில் பேட்டரிக் கடை.
பரவாயில்லாமல் ஓடுகிறதாம்.

ஆனால் காற்றின் கணக்கு
இன்னும் அவன் பெயரில்தான் சென்னைக்குப் போகிறது.
ஏதோ ஒரு ராத்திரி அவசரத்துக்கு
ஒரு துண்டு நிரல் எழுதி,
அதற்குள் தன் கடவுச்சொல்லையே வைத்து,
பிறகு மாற்றலாம் என்று விட்டிருக்கிறான்.
அந்தப் 'பிறகு' எங்கள் தொழிலில் வருவதில்லை.

சம்பள மென்பொருளும் வருகை மென்பொருளும்
பங்காளிகள் மாதிரி, பேச்சுவார்த்தை கிடையாது.
ஒன்றில் அவன் இல்லை.
மற்றதில் லீவே எடுக்காத ஒரே ஆள்,
தீபாவளியன்றும் பச்சைப் புள்ளி.
போன மாதம் 'இடைவிடா உழைப்பாளி' என்று
அவன் பெயருக்கு ஒரு நட்சத்திரம் வந்தது.
மேனேஜர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

நிரலைத் திறந்து பார்த்தேன்.
கடவுச்சொல் மூடாமல் கிடந்தது.
ஆங்கில எழுத்தில் எங்க ஊர்ப் பேச்சு:
போறேம்லே7.

தொண்ணூறு நாளைக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லும்.
யாரும் சொல்லை மாற்றுவதில்லை,
கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவோம்.
ஏழு என்றால்
ஒன்றரை வருசத்துக்கு மேல்
தினம் காலையில் அதைத் தட்டிவிட்டுத்தான்
உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான்,
எனக்கு இரண்டு மேசை தள்ளி.
கடைசி நாளில்
'காலாவதி ஆகாது' என்ற கட்டத்தில்
டிக் போட்டிருக்கிறான்.
காற்று நின்றுவிடக் கூடாதே என்று நினைத்தானோ,
கேட்கவில்லை.

மூடாததற்குக் காரணம் கேட்டது மென்பொருள்.
கொடுத்த ஆறு காரணத்தில் எதுவும் பொருந்தவில்லை.
'பிற' என்பதைத் தொட்டு
"ஐப்பசியில், காற்று ஓய்ந்த பிறகு" என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.
சிரிக்கும் முகம் ஒன்றும் காட்டியது.

எனக்கும் இன்று தொண்ணூறாவது நாள்.
பத்தைப் பதினொன்று ஆக்கினேன்.
முன்னால் உள்ள சொல்லைக் கேட்காதீர்கள்.