பாக்கி

சனிக்கிழமை இரண்டு மணி.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
வலை கழற்றிய பிங்பாங் மேசைதான் வகுப்பு.
ஒரு பக்கம் சற்றே இறங்கியிருக்கும்;
உருளும் பென்சில்கள் எல்லாம்
என்னிடம்தான் வந்து சேரும்.

நான் வந்தது புறப்பாடப் புள்ளிக்காக.
பத்து வாரம் வந்தால் கையெழுத்து.
இதை ஹஸ்னிதாவிடம் சொன்னதில்லை.
அவள் கோலா நெராங்கிலிருந்து படிக்க வந்தவள்.
கணக்குத் தாளைக் கையாலேயே எழுதி,
ஓரத்தில் ஒரு பூனை வரைந்து,
சொந்தக் காசில் நகலெடுத்து வருபவள்.

கிஷாலினிக்குப் பத்து வயது.
போன வருஷம்வரை நிபோங் திபாலில் தமிழ்ப்பள்ளி.
பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொல்வாள்.
இங்கே பக்கத்துப் பள்ளியில் எல்லாம் மலாய்;
வாக்கியம் நீண்டால் வாய் மூடிக்கொள்ளும்.

நான்காம் கேள்வி.
பன்னிரண்டில் ஐந்து போனால் எவ்வளவு,
அவ்வளவுதான்.
அவள் எழுதியிருந்தது 480.
ஹஸ்னிதா சிவப்பில் தப்புப் போட்டுவிட்டு
என்னைப் பார்த்தாள்.
எந்த வழியில் போனாலும் நானூற்றெண்பது வராதே?

விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன்.
மழை விட்ட கார் நிறுத்தத்தில் குட்டைகளைத் தாண்டுவதுபோல்
தெரிந்த சொல்லில் மட்டும் கால் வைத்தாள்.
"தாலி" என்றாள்.
"போத்தோங்" என்றாள்; அது ஐஸ்கிரீமில் தெரியும்.
"பாக்கி" என்றாள்.

பிறகு குரல் இறங்கியது.
"வெட்டல அக்கா. அடகுலதான் இருக்கு.
ஆயர் ஈத்தாம் பசார் பக்கத்துக் கடை.
பாக்கி நானூத்தி எண்பது வெள்ளி."

மேசையின் அந்தக் கோடியில் புவனேந்திரன்
ஒண்ணுக்குப் போகணும் என்றான்.
போ என்றேன், திரும்பாமல்.

ஹஸ்னிதாவுக்கு இதை எப்படிச் சொல்வது?
கல்யாணம், கழுத்து, சங்கிலி என்று
சுற்றிச் சுற்றி வந்தேன்.
ஆறாம் படிவம்வரை மலாயில் ஏ எடுத்தவள் நான்.
அடகுக்கடை என்றதும் பிடித்துக்கொண்டாள்.
மேலே கேட்கவில்லை.
ரப்பரால் அந்தத் தப்பை அழிக்கப் பார்த்தாள்.
பேனா மை போகவில்லை; தாள் கிழிந்து
பூனைக்கு வால் போயிற்று.

அடுத்த வாரம் ரிப்பன் என்று மாற்றிவிடுகிறேன், என்றாள்.
பரீட்சையில் யார் மாற்றுவார்கள்?

ஆகவே நான்தான் சொன்னேன்:
கிஷா, மலாயில் தாலின்னா கயிறு.
வெறும் கயிறு. துணி காயப் போடுவோமே, அது.

கொஞ்சம் யோசித்தாள்.
"அம்மா இப்பப் போட்டிருக்கிறதும் கயிறுதான்.
மஞ்சக் கயிறு."

480-ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதினாள்,
மீட்டர் போட மறக்காமல்.
சரியா, என்றாள்.

சரி என்றேன்.
ஐந்தாம் கேள்வியை அவளுக்கு முன்னால்
நானே ஒருமுறை
தமிழ்க் காதோடு வாசித்துப் பார்த்தேன்.